அத்தியாயம் 4: முகூர்த்தத்துக்கு முந்தின இரவு

கெட்டிமேளம் எழும்பிய நொடியிலிருந்து மூன்றாவது முடிச்சு விழும்வரை பெரும்பாலும் அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்துக்குள் ஐயர் குனிந்து மறைப்பார், பெரியப்பா அட்சதை போடக் கையை நீட்டுவார், மாப்பிள்ளையின் தங்கச்சி முடிச்சுப் போடப் பின்னால் வந்து நிற்பாள், உங்கள் லென்ஸுக்கு முன்னால் பத்துப் பதினைந்து கைத்தொலைபேசிகள் எழும்பும். இதையெல்லாம் சமாளித்துவிடலாம். கமரா வேலை செய்யாமல் போனால் சமாளிக்க வழியே இல்லை. குடும்பப் படத்தை மத்தியானத்துக்குத் தள்ளிப்போடலாம். மாலை மாற்றுவதை இன்னொரு தடவை மாற்றச் சொல்லலாம். சோடிப் படத்தை அடுத்த வாரம் எம்பிலிப்பிட்டிய சந்திரிகா வாவிக் கரையில்கூட எடுத்துக்கொள்ளலாம். தாலியை மட்டும் யாரும் இரண்டாம் தடவை கட்டமாட்டார்கள். கட்டச் சொல்லிக் கேட்கவும் கூடாது.

ஆகவே பை கட்டுவதற்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான். அந்த அரை நிமிடத்துக்குத் தேவையானது எதுவோ, அது பையில் இரண்டு இருக்க வேண்டும். மற்றவை ஒன்று இருந்தால் போதும், சில இல்லாவிட்டாலும் குறையில்லை. புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிமார் இதைத் தலைகீழாகச் செய்வதைப் பார்க்கிறேன்: மூன்று லென்ஸ், இரண்டு லைட் ஸ்டாண்ட், ஜிம்பல், ட்ரோன் எல்லாம் வந்திறங்கும், கமரா மட்டும் ஒன்று.

இந்த அத்தியாயத்தை கொடகவெலயை மனதில் வைத்து எழுதுகிறேன். பெல்மதுளையில் பிரியும் ஏ18 வீதி காவத்தை, கொடகவெல வழியாக எம்பிலிப்பிட்டியப் பக்கம் இறங்குகிறது. மேலே இறக்குவானை மலைச்சரிவில் தேயிலை, கீழே ரப்பர், இன்னும் கீழே போனால் வெயில் கொளுத்தும் வறண்ட பூமி. ஒரே கல்யாணத்தில் காலையில் மலையில் நனைந்துவிட்டு, பின்னேரம் கீழே வேர்வையில் நனையலாம். பென்டோர்ச் பட்டரி எந்தச் சந்தியிலும் கிடைக்கும். நல்ல கமரா பட்டரிக்கும் ஃப்ளாஷுக்கும் இரத்தினபுரிக்கு ஓட வேண்டும், சிலதுக்குக் கொழும்புக்கே போக வேண்டும். அதிகாலை முகூர்த்தம் என்றால் எந்தக் கடையும் திறந்திருக்காது. பையில் இருப்பதுதான் உங்களுக்கு அன்றைய கடை.

முதலில் ஒரு போன்

பையைத் திறப்பதற்கு முன் கல்யாண வீட்டுக்குப் போன் எடுங்கள். பெண்ணின் அப்பாவிடம் கேட்டால், "எல்லாம் சரிதான் தம்பி, நீங்க வாங்க" என்பார். அவருக்கு ஆயிரம் யோசனை. வீட்டில் ஓடியாடி வேலை பார்க்கிற ஒருவரை, பெண்ணின் அண்ணனையோ சித்தப்பாவையோ பிடித்து ஆற அமரக் கேளுங்கள்.

"அண்ணே, தாலி கட்டுறது கோயில்லயா, ஹோல்லயா?"

"கோயில்லதான் தம்பி. பொண்ண சோடிக்கிறது லயத்தில."

"வேன் லயம் வரைக்கும் ஏறுமா?"

"மடுவம் வரைக்கும்தான். மழை பேஞ்சா அதுவும் கஷ்டம். அங்க இருந்து நடதான்."

இந்த நாலு வரியில் உங்கள் பை பாதி தீர்மானமாகிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடு வேன் நின்றுவிடும் என்றால், சில்லு வைத்த பெட்டி கட்டாது. கல்லுப் பாதையில் அதை உருட்ட முடியாது, தூக்கிக்கொண்டு போவதும் பெரும்பாடு. முதுகில் மாட்டும் பை ஒன்று, அதற்கு மழை உறை, இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்று. லைட் ஸ்டாண்ட் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏறி முடித்ததும் மூச்சு வாங்காமல் கமராவைக் கையில் எடுக்க முடிகிற பாரமே சரியான பாரம். முதல் நாள் இரவு பையை மாட்டிக்கொண்டு வீட்டுப் படியில் நாலு தடவை ஏறி இறங்கினால் தெரிந்துவிடும்.

இன்னொரு கேள்வியையும் மறக்காதீர்கள்: சம்பந்தி வீடு எந்தப் பக்கம்? சப்ரகமுவத் தோட்டங்களில் சிங்களக் குடும்பத்தோடு சம்பந்தம் செய்வது புதிதில்லை. அப்படியானால் தாலியோடு போருவச் சடங்கும் இருக்கும். அங்கே சின்னவிரல்களை நூலால் சேர்த்துக் கட்டித் தண்ணீர் வார்க்கும் நேரம் தாலிக்குச் சமமானது. அவர்கள் நெக்கத் நேரத்தை நிமிடக் கணக்கில் பார்ப்பார்கள். இரண்டு பக்கத்து நேரங்களையும் ஒரே தாளில் எழுதி, பை மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். கூட வரும் தம்பிக்கும் அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவையுங்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா

பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு கட்டில், ஒரு அலுமாரி, பெண், பெண்ணின் அம்மா, சோடனைக்கு வந்த அக்கா, மூன்று சித்திமார், கதவடியில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். நகர ஹோலில் எடுத்துப் பழகியவர் 50 மி.மீ. லென்ஸோடு இங்கே வந்தால் திணறிப்போவார். சின்ன சென்சர் கமராவில் அந்த லென்ஸைப் போட்டுக்கொண்டு பின்சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் பெண்ணின் முழு உருவம் சட்டத்துக்குள் விழாது. முழுச் சென்சர் கமரா என்றால் 24-70 போதும். 16-35 இருந்தால் இன்னும் நல்லது. சின்ன சென்சர் என்றால் 17-50 அல்லது கமராவோடு வந்த 18-55. அகல லென்ஸில் ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும் என்பதால் பெண்ணையும் அம்மாவையும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிச்சம்தான் இங்கே பெரிய சோதனை. ஃப்ளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டு வரும் வெளிச்சத்தில் எடுப்பது ஹோலில் சரி. லயத்தில் கூரை தகரமாக இருக்கும், அடுப்புப் புகை படிந்து கறுத்திருக்கும், வெளிச்சத்தை விழுங்கிவிடும். சுவர் நீலமோ பச்சையோ என்றால் அந்த நிறம் அப்படியே பெண்ணின் கன்னத்தில் ஏறும். பிறகு கணினியில் எவ்வளவு மினக்கெட்டாலும் முழுதாகப் போகாது. இதற்கு விலை கூடிய சாமான் எதுவும் வேண்டாம். சலவை செய்த வெள்ளை நாலுமுழ வேட்டி ஒன்றை மடித்துப் பையின் அடியில் வையுங்கள். தம்பி அதை விரித்துப் பிடித்தால் ஃப்ளாஷ் பட்டுத் திரும்ப வெள்ளைச் சுவர் கிடைக்கும். இஸ்தோப்பில் வெயில் நேராக விழுந்தால் கதவுக்கு மேல் தொங்கவிட்டு வெளிச்சத்தை மெதுவாக்கலாம். அலங்கோலமான பின்புறத்தை மறைக்கும் திரையாகவும் உதவும். இதைவிடப் பயன்படும் முந்நூறு கிராம் எதையும் நான் பையில் வைத்ததில்லை.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது வாசல். இஸ்தோப்பை நோக்கித் திறந்த கதவுக்குப் பக்கத்தில் பெண்ணை உட்காரவைத்தால் ஃப்ளாஷே தேவைப்படாத நேரங்கள் உண்டு. இதைச் சோடனைக்கு வந்த அக்காவிடம் முதலிலேயே, மரியாதையாகக் கேட்டுவிட வேண்டும். அவர் சாமான்களைப் பரப்பிய பிறகு கேட்டால் நியாயமாகவே கோபம் வரும்.

கோயிலில் லென்ஸ் மாற்றும் வேலையே வேண்டாம். ஓமப் புகையும் சாம்பிராணியும் விபூதித் தூளும் பறக்கும் இடத்தில் கமராவின் வாயைத் திறந்து வைப்பது சென்சருக்குக் கேடு. ஒரு கமராவில் அகல லென்ஸ், இன்னொன்றில் 85 அல்லது 70-200 என்று வீட்டிலேயே பூட்டிவிடுங்கள். இவற்றுக்கு மேல், கையிருப்பாக ஒரு 50 மி.மீ. எஃப்1.8. கெனன் தயாரிக்கும் அந்த லென்ஸின் எடை 160 கிராம்தான். பெரிய லென்ஸ் கீழே விழுந்து ஓட்டோபோகஸ் செத்துப்போனால், மிச்சக் கல்யாணம் முழுவதையும் அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எடுத்து முடிக்கலாம்.

இரட்டையாக வைக்க வேண்டியவை

இரண்டாவது கமரா முதலாவதைப் போல இருக்க வேண்டியதில்லை. பத்து வருசத்துப் பழையது ஆனாலும் பரவாயில்லை. அதே கம்பனியாக இருந்தால் லென்ஸும், மொடல் பொருந்தினால் பட்டரியும் மாறி மாறி உதவும். சொந்தமாக இல்லாவிட்டால் காவத்தையிலோ இறக்குவானையிலோ தொழில் செய்யும் நண்பரிடம் அன்றைக்குக் கல்யாணம் இருக்கிறதா என்று கேட்டு இரவல் வாங்குங்கள். அவருக்குத் தேவைப்படும் நாளில் உங்களுடையதைக் கொடுங்கள். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் சின்ன ஊர்த் தொழிலைக் காப்பாற்றுகிறது. இரவல் கமரா என்றால் முதல் நாளே வாங்கி இருபது படமாவது எடுத்துப் பாருங்கள். இரண்டு கமராவிலும் நாளும் நேரமும் நொடி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினியில் படங்களை வரிசைப்படுத்தும்போது தாலி கட்டியதற்குப் பிறகு பெண் அழைப்பு வரும்.

மெமரி கார்ட் விடயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2012ல் வந்த கெனன் 5டி மார்க் 3, 2014ல் வந்த நிக்கோன் டி750, 2018ல் வந்த சோனி ஏ7 3, 2020ல் வந்த கெனன் ஆர்6 ஆகியவற்றில் இரண்டு கார்ட் போடலாம். கெனன் 6டி, முதல் ஈஓஎஸ் ஆர், ஆர்8, நிக்கோனின் முதல் இஸட்6 ஆகியவற்றில் ஒன்றுதான். இரண்டு கார்ட் போடும் கமரா வைத்திருப்பவர்கள் பலர், ஒன்று நிறைந்த பிறகு மற்றதற்குப் போகும்படி விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் பிரதி இல்லை. மெனுவுக்குள் போய், ஒரே படம் இரண்டு கார்டிலும் பதியும்படி மாற்றுங்கள். ஒரு கார்ட் செத்தாலும் கல்யாணம் மற்றதில் உயிரோடு இருக்கும்.

ஒரு கார்ட் கமராக்காரருக்குப் பழைய ஸ்டூடியோக்காரர்களின் புத்தி கைகொடுக்கும். 120 ஃபிலிமில் எடுக்கும் 6x6 கமராவில் ஒரு ரோலுக்கு 12 படம், 35 மி.மீ. ரோலில் 36. தாலி நேரத்தில் ரோல் முடிந்துவிட்டால் கதை முடிந்தது. அதனால் மேளக்காரர் தயாராவதைக் கண்டதும், மிச்சப் படங்களைப் பற்றிக் கவலைப்படாமல் ரோலைக் கழற்றிவிட்டுப் புது ரோல் போடுவார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். தாலிக்குக் கால் மணி நேரம் முன் கார்டை மாற்றி, இரண்டு படம் எடுத்து, அது பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். சடங்கு முடிந்ததும் அந்தக் கார்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு வேறொன்றைப் போடுங்கள். முழுக் கல்யாணத்தையும் ஒரே 256 ஜீபி கார்டில் எடுப்பது எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பதுதான். 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு ரோ படம் 25 முதல் 30 எம்பி வரை வரும். 64 ஜீபி கார்டில் ஏறக்குறைய 2,000 படம் கொள்ளும். ஒரு கல்யாணத்துக்கு அப்படி நாலு கார்ட் தாராளம்.

விலை மலிவாகக் கிடைக்கிறது என்று பேர் தெரியாத இடத்தில் கார்ட் வாங்காதீர்கள். மேலே 128 ஜீபி என்று அச்சடித்து, உள்ளே பதினாறு மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு. பதினாறு நிறைந்த பிறகும் கமரா எடுத்துக்கொண்டேதான் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் திறக்காது. புதுக் கார்ட் வாங்கியதும் முழுவதும் நிரப்பி, கணினியில் திரும்பப் படித்துப் பார்த்த பிறகே கல்யாணத்துக்குக் கொண்டுபோங்கள்.

எடுத்து முடித்த எஸ்டி கார்டின் ஓரத்திலுள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளிவிட்டால் தவறுதலாக அழியாது. அந்தக் கார்ட் முதுகுப் பைக்குள் போகக் கூடாது. பஸ்ஸில் பை களவு போகலாம், வேன் ஒன்று மாறிப் போகலாம். அது உங்கள் உடம்போடு இருக்க வேண்டும். சட்டைப் பை போதும் என்று நினைக்காதீர்கள். ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டிய கோயில்களும் உண்டு. இடுப்பில் கட்டும் துணிப் பை அதற்காகத்தான்.

பட்டரிக்கு வருவோம். கண்ணாடி வைத்த பழைய கமராக்கள் இந்த விடயத்தில் ராசாக்கள்: டி750க்கு ஒரு சார்ஜில் 1,230 படம், 5டி மார்க் 3க்கு 950 படம் என்பது கம்பனிக் கணக்கு. கண்ணாடி இல்லாத ஆர்6ஐ வியூஃபைண்டரில் பார்த்து எடுத்தால் 400க்கும் குறைவு. நடைமுறையில் தொடர்ந்து எடுக்கும்போது கூடக் கிடைக்கும் என்றாலும் அதை நம்பிப் போகாதீர்கள். பழைய கமராவுக்கு இரண்டு, புதியதற்கு நாலு. கெனன் எல்பி-ஈ6 பட்டரியின் மூடியில் பட்டரி வடிவத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மூடியை ஒரு பக்கமாகப் போட்டால் அந்த ஓட்டையில் நீலம் தெரியும், திருப்பிப் போட்டால் கறுப்பு. சார்ஜ் ஏறியதற்கு நீலம் என்று பழக்கப்படுத்திக்கொண்டால், அதிகாலை இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் ஒரு பார்வையிலேயே எது நிறைந்தது என்று தெரியும். வேறு கம்பனிப் பட்டரிக்கு ஒரு ரப்பர் வளையம் போதும். வளையம் இருந்தால் நிறைந்தது, கழன்றால் முடிந்தது.

ஃப்ளாஷும் இரண்டு. பென்டோர்ச் பட்டரி போடும் ஃப்ளாஷுக்கு நாலு நாலாக மூன்று செட் வைத்து, ஒவ்வொரு செட்டையும் ஒரே எண்ணால் குறித்துவிடுங்கள். ஒரு செட்டின் பட்டரியை இன்னொன்றோடு கலந்தால் பலவீனமானது மற்ற மூன்றையும் இழுத்து விழுத்தும்.

கரண்டை நம்பாதீர்கள்

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. அந்த நிலை மாறிய பிறகும், 2025 பெப்ரவரி 9 அன்று முழுத் தீவும் இருண்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். அது தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, அதுவும் பகல் நேரம். மலைப்பக்கத்தில் இத்தனை பெரிய காரணமும் வேண்டாம். காற்றுக்கு ஒரு ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் தோட்டம் முழுவதும் இருட்டு.

ஆகவே கல்யாண வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். லயத்து வீட்டில் ஒரே ஒரு ப்ளக் பேஸ் இருக்கலாம். அன்று காலை அது சோடனை அக்காவின் ஹேர் ட்ரையருக்குச் சொந்தம், அது நியாயமும்கூட. எல்லாப் பட்டரியும் முதல் நாள் மாலையே நிறைந்திருக்க வேண்டும். இரவு பத்து மணிக்குச் சார்ஜ் போடத் தொடங்கி, பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனால் விடிய நாலு மணிக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. யூஎஸ்பியில் சார்ஜ் ஏறும் சார்ஜர் ஒன்று வாங்கி வையுங்கள். பவர் பேங்கிலும் வேனின் 12 வோல்ட் துளையிலும் அது வேலை செய்யும். சதுர முள் ப்ளக்கை வட்டத் துளை பேஸுக்கு மாற்றும் அடப்டர் ஒன்றும் சேரட்டும். பழைய வீடுகளிலும் கோயில் மண்டபங்களிலும் வட்டத் துளை இன்னும் இருக்கிறது.

மேடை எல்ஈடி விளக்கு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவு எல்ஈடி நொடிக்கு நூறு தடவை துடிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கமராவுக்குத் தெரியும். சத்தமில்லாத இலத்திரனியல் ஷட்டரில் எடுத்தால் பெண்ணின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, 1/50 அல்லது 1/100ல் வையுங்கள். ஜெனரேட்டரில் ஓடும் பந்தல் என்றால் துடிப்பு இன்னும் ஒழுங்கற்று இருக்கும். ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள்.

மழையும் பங்கஸும்

இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. நம் முகூர்த்த மாதங்களை மழைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். வைகாசி, ஆனி, ஆவணி மூன்றும் தென்மேல் பருவமழைக்குள். ஐப்பசியும் கார்த்திகையும் பின்னேர இடிமழைக் காலம். பங்குனி, சித்திரையிலும் மத்தியானம் தாண்டினால் வானம் கறுக்கும். கொஞ்சம் நம்பலாம் என்றால் தையும் மாசியும்தான். எனவே மழை உறையும் பெரிய பொலித்தீன் பைகளும் எந்த மாதமும் பையை விட்டு இறங்கக் கூடாது. கமராவுக்கு மேல் மாட்ட ஒரு பொலித்தீன் பை, லென்ஸ் வாய்க்கு ஓட்டை, ரப்பர் வளையம். இதற்கு மேல் செலவில்லை. தலைக்குப் பெரிய குடை ஒன்று, அது பெண்ணுக்கும் உதவும்.

மழையைவிட ஈரக்காற்று மோசம். ஏசி வேனிலிருந்து இறங்கியதும் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் பனி பூத்துவிடும். துடைத்தாலும் திரும்பப் பூக்கும். போய்ச் சேருவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஏசியை நிறுத்தச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு பையைத் திறக்காமல் பதினைந்து, இருபது நிமிடம் வெளிச்சூட்டுக்குப் பழகவிடுங்கள். பெண் வீட்டார் தேத்தண்ணி தருவார்கள். குடிப்பதற்கு அதுதான் சரியான நேரம்.

கல்யாணம் இல்லாத வாரங்களில் லென்ஸைப் பைக்குள்ளேயே பூட்டி வைத்தால் பங்கஸ் பிடிக்கும். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் போதும். நீலம் இளஞ்சிவப்பானாலோ, செம்மஞ்சள் பச்சையானாலோ ஜெல் ஈரம் குடித்து நிறைந்துவிட்டது. மெல்லிய சூட்டில் வறட்டி மறுபடி போடலாம். அரிசி போட்டு வைக்கும் பழக்கம் வேண்டாம். அதன் மாத்தூள் லென்ஸின் இடுக்கில் ஏறும்.

சின்னச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் துடைக்கும் துணி மூன்று, ஒன்றாவது ஈரமாகாமல் பொலித்தீனுக்குள். வரவேற்பில் பொடியன்கள் அடிக்கும் நுரை ஸ்ப்ரேக்கு லென்ஸின் முன்னால் ஒரு கண்ணாடி ஃபில்டர். கண்ணாடி நனைந்தால் கழற்றிவிட்டு எடுக்கலாம். நெற்றியில் கட்டும் டோர்ச். ஒட்டும் துணி டேப். மாப்பிள்ளை பெண்ணைத் தேயிலைக்குள் கூட்டிப் போவதாக இருந்தால் அட்டைக்குச் சவர்க்காரத் துண்டோ சித்தாலேபவோ. பெண்ணின் காலுக்கும் சேர்த்து. கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. ட்ரோன் என்றால், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவும் அனுமதியும் கையில் இருந்தால் மட்டும்.

படம் வீடு வந்த பிறகு

மேலே சொன்ன அத்தனையும் படத்தை எடுப்பதற்கு. எடுத்த படம் நிலைப்பது அன்றிரவு நீங்கள் செய்வதைப் பொறுத்தது. நம் மலையகத் தமிழ்ச் சனத்துக்கு இது மற்றவர்களைவிடக் கூடப் பொருந்துகிறது என்று நான் நம்புகிறேன். 1964 ஒக்டோபர் 30ல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்து லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அண்ணன் ஒரு கரையிலும் தங்கை ஒரு கரையிலும் என்று குடும்பங்கள் பிரிந்தன. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது உடுத்த துணியோடு ஓடியவர்கள் பலர். 2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் மூடுண்டன. 2016 மே 17ல் கேகாலை அரநாயக்கவில் மலையே இறங்கியது. 2003 மேயிலும் 2017 மேயிலும் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியது. இப்படியான நாட்களில் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடுகிறவர் அல்பத்தைத் தூக்க மாட்டார். அம்மா அப்பாவின் கல்யாணப் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் நம் தோட்டங்களில் எத்தனையோ. இனி எடுக்கும் படங்களாவது அப்படிப் போகாமலிருக்க, பிரதி வீட்டில் மட்டும் இல்லாமல் உங்கள் ஸ்டூடியோவிலும் இருக்க வேண்டும்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். கொடகவெலயில் அதை எப்படிச் செய்வது? கல்யாணம் முடிந்து வந்ததும், குளிப்பதற்கு முன் கார்ட் ரீடரைச் செருகுங்கள். லெப்டொப்பில் ஒரு பிரதி, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி. கொப்பி முடிந்துவிட்டது என்று கணினி சொன்னால் போதாது. கோப்புகளின் எண்ணிக்கையைக் கார்டோடு ஒப்பிட்டு, தொடக்கம், நடு, கடைசி என்று சில படங்களைத் திறந்து பாருங்கள். தாலிப் படங்கள் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். மூன்றாவது பிரதி இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கில். அது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. அக்கா வீடோ, மாமா வீடோ, வேறு ஊரில், ஆற்றுக்கும் சரிவுக்கும் தூரமான இடத்தில் இருக்கட்டும். அந்த வீட்டுக்காரரும் நீங்களும் மாதம் ஒரு தடவை சந்திக்கும்போது டிஸ்க்கை மாற்றிக்கொள்ளலாம். 60 ஜீபியை இங்கிருந்து இணையத்தில் ஏற்றுவதற்கு டேட்டாக் காசும் பொறுமையும் போதாது. ஆனால் தாலி, மாலை, குடும்பம் என்று தெரிந்தெடுத்த நூறு ஜேபெக் படங்களை அன்றிரவே ஏற்றிவிடலாம். எல்லாம் போனாலும் ஒரு சின்ன அல்பம் மிஞ்சும்.

ஒரு கார்ட் திறக்கவில்லை என்றால் பதறாதீர்கள். அதில் மேற்கொண்டு ஒரு படமும் எடுக்காதீர்கள். கமரா "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிக் கழற்றிவிடுங்கள். அழிந்ததாகத் தெரியும் படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கும், மேலே புதிதாக எழுதாதவரை. போட்டோரெக் என்ற இலவச மென்பொருள் பலவற்றை மீட்டுத் தரும். மீட்டதைத் திரும்ப அதே கார்டில் எழுதாமல் கணினியில் எழுதுங்கள்.

பழைய வேலைகளையும் ஒரு கண் பாருங்கள். 2000களில் கல்யாணங்களைச் சீடியிலும் டீவிடியிலும் கொடுத்தோம். இந்த ஈரத்தில் அவை பல ஏற்கெனவே படிக்க முடியாத நிலைக்கு வந்துவிட்டன, படிக்கும் கருவியும் புது லெப்டொப்பில் இல்லை. மழைக்காலத்தில் வேலை குறைந்த வாரங்களில் அலுமாரியிலுள்ள டீவிடிகளை ஒவ்வொன்றாக ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் நிரந்தரமில்லை. வாங்கிய மாதத்தையும் வருசத்தையும் அதன் முதுகில் எழுதி, ஐந்து வருசத்துக்குள் புதியதற்கு மாற்றிவிடுங்கள்.

கார்டுகளை எப்போது அழிப்பது? அல்பம் கைமாறி, பென் டிரைவில் முழுப் படங்களையும் கொடுத்து, அவர்கள் வீட்டு டீவியிலோ கணினியிலோ போட்டுப் பார்த்துவிட்டோம் என்று சொன்ன பிறகு. அதுவரை பூட்டைக் கீழே தள்ளியபடி, பெண் மாப்பிள்ளை பெயரும் திகதியும் எழுதிய உறையில் இருக்கட்டும். கார்ட் போதாது என்றால் புதிதாக வாங்குங்கள். அந்தச் செலவைக் கல்யாணக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அழிப்பதைக் கணினியில் செய்யாமல், எந்தக் கமராவில் போடப் போகிறீர்களோ அந்தக் கமராவிலேயே ஃபோர்மட் செய்யுங்கள், அடுத்த கல்யாணத்துக்கு முந்தின இரவு, பட்டரிகள் சார்ஜரில் இருக்கும்போது.